உஷார்! கேம் செய்யும் பட்டறைக்குள் திருடன்

"கீபோர்டில் எஃப்12 பட்டனை அமுக்கு" என்று முன்பின் தெரியாத யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால், அந்த நிமிடமே லேப்டாப்பை மூடிவிட்டு உங்களிடம் ஓடி வரச் சொல்லுங்கள். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்று வீட்டில் சொல்லிவிடுங்கள். நேரம் இருப்பவர்கள் தொடர்ந்து வாருங்கள், ஏனென்றால் ஆபத்து அந்த ஒரு பட்டனோடு நிற்கவில்லை.

அக்கா வீடு சின்னாளப்பட்டியில். அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை முழுக்க அவன் லேப்டாப்பில் ஒரு மலை கட்டிக்கொண்டிருந்தான். நம் திண்டுக்கல் மலைக்கோட்டைதான். பாறையில் வெட்டிய படிகள், மதில், பீரங்கி மேடை, உச்சியில் சாமி இல்லாத அந்தக் கோயில் என்று ஒவ்வொன்றாக ரோப்ளாக்ஸ் ஸ்டுடியோவில் வைத்து அடுக்கியிருந்தான். தாவித் தாவி, கீழே விழாமல் உச்சியை அடைய வேண்டும். இந்த வகை விளையாட்டைப் பிள்ளைகள் 'ஓபி' என்பார்கள். கோயிலுக்குள் சாமி இல்லாததால் அங்கே ஒரு புதையலை வைக்கப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தான். எனக்கு அவ்வளவு பெருமை.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு போன் வந்தது.

"மாமா, அக்கவுண்ட் போச்சு மாமா."

"எப்படிடா போச்சு? பாஸ்வேர்டைக் குடுத்தியா?"

"சத்தியமா குடுக்கல மாமா. காப்பி-பேஸ்ட் மட்டும்தான் பண்ணேன்."

அந்தக் 'காப்பி-பேஸ்ட்' என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டிஸ்கார்ட் என்ற அரட்டை ஆப்பில், கேம் செய்பவர்கள் கூடும் குழு ஒன்றில் அவன் தன் கோட்டையின் படத்தைப் போட்டிருக்கிறான். ஒருவன் வந்து பாராட்டியிருக்கிறான். தான் ஒரு டெவலப்பர் என்றும், தன் டீமில் பில்டர் வேலை தருவதாகவும், மாதம் 5,000 ரோபக்ஸ் சம்பளம் என்றும் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு பதினொரு நாள் பேசியிருக்கிறான். இந்தப் பதினொரு நாளைக் கவனியுங்கள். பையனின் ஸ்கிரிப்டில் இருந்த ஒரு பிழையை அவன் உண்மையாகவே திருத்திக் கொடுத்திருக்கிறான், பாடமும் நடத்தியிருக்கிறான். பன்னிரண்டாம் நாள் ஒரு லிங்க்கை அனுப்பி, "டீமில் சேர இதுதான் டெஸ்ட், ஒரு கேமை நகல் எடுத்துக் காட்டு" என்றிருக்கிறான். எஃப்12 அமுக்கு, நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போ, இந்த வரியில் ரைட் கிளிக் செய், பவர்ஷெல்லாகக் காப்பி செய், இந்தப் பெட்டியில் பேஸ்ட் செய் என்று அந்தப் பக்கமே படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தது. டெவலப்பர்கள் என்றால் இப்படித்தான் வேலை செய்வார்கள் என்று பிள்ளை நம்பிவிட்டான்.

பத்தே நிமிடத்தில் அக்கவுண்டிலிருந்து வெளியே தள்ளப்பட்டான். மெயில் முகவரியும் மாறிவிட்டது. அவன் பெயரிலேயே அவன் வகுப்பு நண்பர்களுக்கு அதே லிங்க் போனது, மூன்று பேர் விழுந்தார்கள். மறுநாள் அந்த ஆள், 2,000 ரூபாய் அனுப்பினால் அக்கவுண்டைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். பணம் இல்லை என்று பையன் சொன்னதும், "அப்படியானால் சட்டை இல்லாமல் ஒரு போட்டோ அனுப்பு" என்றான்.

அந்த இடத்தில்தான் பையன் நின்றான். எனக்குப் போன் செய்தான். அவன் செய்ததிலேயே மிகச் சரியான காரியம் அதுதான் என்று அவனிடம் முதலில் சொன்னேன்.

"அந்த லேப்டாப்பை முதல்ல புடுங்கி அட்டத்துல போடணும்" என்றார் அக்கா. வேண்டாம்க்கா என்றேன். இன்றைக்குப் பிடுங்கினால், நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால் அவன் நம்மிடம் சொல்ல மாட்டான்.

இதைப் படிக்கும் பெற்றோரில் பலருக்கு ரோப்ளாக்ஸ் என்பது பிள்ளை போனில் தட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கட்டம் கட்டமான விளையாட்டு. உண்மையில் அது தனியொரு விளையாட்டே கிடையாது. டேவிட் பஸூக்கியும் எரிக் காசலும் 2004-ல் நிறுவி 2006-ல் திறந்துவிட்ட ஒரு பெரிய சந்தை அது. உள்ளே இருக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் விளையாட வந்தவர்களேதான். ஸ்டுடியோ என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள். பிரேசிலில் 1993-ல் பிறந்த லுவா என்ற கணினி மொழியிலிருந்து கிளைத்த ஒன்றில் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். செய்த விளையாட்டை உலகம் முழுவதும் உள்ளவர்கள் வந்து விளையாடலாம். 2025-ன் மூன்றாம் காலாண்டில் ஒரு நாளைக்கு சராசரியாக 15 கோடிப் பேருக்கு மேல் அங்கே வந்து போனார்கள். அதே ஆண்டு உலகையே ஆட்டிவைத்த 'க்ரோ எ கார்டன்' என்ற தோட்ட விளையாட்டின் முதல் வடிவத்தைச் செய்தது ஒரு பதின்வயதுப் பையன். ஜூன் மாதத்தில் ஒரே நேரத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் அதில் செடி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஒரு செய்தியைக் கேட்ட பிள்ளை, தானும் செய்யலாமே என்று உட்காராதா? உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளை கணக்கு படிக்கிறது, ஆங்கிலம் படிக்கிறது, பிழை எங்கே என்று பொறுமையாகத் தேடப் பழகுகிறது. நம் ஊர்ப் பூட்டுப் பட்டறைகளில் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கும் அந்தப் பொறுமைதான் சொத்து. ஆனால் பட்டறை என்று ஒன்று இருந்தால் வேலை கற்றுத் தருகிறேன் என்று ஆள் வருவான். வருகிறவன் யார் என்று பார்க்கப் பூட்டுப் பட்டறையில் முதலாளி இருப்பார், பக்கத்துப் பட்டறைக்காரர் இருப்பார். இந்தப் பட்டறையில் உங்கள் பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது, அதுவும் இரவில்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூண்டிலில் மாட்டும் புழு அதுதான். ரோப்ளாக்ஸுக்குள் புழங்கும் காசு ரோபக்ஸ். அமெரிக்க விலையில் ஆப் வழியாக வாங்கினால் ஏறத்தாழ ஒரு டாலருக்கு 80 ரோபக்ஸ். அந்தக் கணக்கில் 30,000 ரோபக்ஸ் வாங்க 375 டாலர் ஆகும். அதே 30,000 ரோபக்ஸைக் கேம் செய்து சம்பாதித்து, நிறுவனத்திடம் கொடுத்துப் பணமாக மாற்றினால், 2025 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட விலையிலேயே 114 டாலர்தான் கையில் வரும். நம் பணத்துக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய். 30,000-க்குக் குறைவாக இருந்தால் மாற்றவே முடியாது. 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். விளையாட்டுக்குள் எதையாவது விற்றால் 30 சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ஆக, மாதம் 5,000 ரோபக்ஸ் சம்பளம் என்றால் ஆறு மாதம் உழைத்தால்தான் அந்த 10,000 ரூபாய் வாசலையே பார்க்க முடியும். "உன் ரோபக்ஸை நான் வாங்கிக்கொண்டு ஜிபேயில் பணம் போடுகிறேன்" என்று எவனாவது சொன்னால் அது விதிக்குப் புறம்பான கள்ளச் சந்தை. அங்கே ஏமாந்தால் கேட்க நாதியில்லை. இந்தக் கணக்கைப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். கணக்கு தெரிந்த பிள்ளை 'சம்பளம்' என்ற வார்த்தைக்கு அவ்வளவு எளிதில் மயங்காது.

இனி அந்தக் காப்பி-பேஸ்ட் விஷயம். பாஸ்வேர்டைக் கொடுக்காமலேயே அக்கவுண்ட் எப்படிப் போகும்?

சினிமா கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து உள்ளே போய்விட்டீர்கள். இடைவேளையில் வெளியே டீ குடிக்க வரும்போது கையில் ஒரு பாஸ் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது அந்தப் பாஸைக் காட்டினால் போதும், டிக்கெட் கேட்க மாட்டார்கள். கணினியிலும் அதேதான் நடக்கிறது. ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனதும் பிரவுசருக்கு ஒரு பாஸ் தரப்படும். அதற்குப் பெயர் குக்கீ. அந்தப் பாஸ் வேறொருவன் கைக்குப் போனால் அவன் உங்கள் பெயரில் உள்ளே போய் உங்கள் இருக்கையில் உட்கார்ந்துவிடுவான். பாஸ்வேர்டு எவ்வளவு கடினமாக இருந்தாலும், இரண்டாவது பூட்டாக ஓடிபி போட்டிருந்தாலும், வாசலைத் தாண்டிவிட்டவனை அவை தடுக்காது. எஃப்12 அமுக்கிக் காப்பி செய்த அந்த வரிக்குள் இந்தப் பாஸ் ஒளிந்திருந்தது.

கொடுமை என்னவென்றால், ரோப்ளாக்ஸின் அந்தக் குக்கீ தொடங்குவதே ஓர் எச்சரிக்கையோடுதான். இதை யாரிடமும் பகிராதே, பகிர்ந்தால் உன் பெயரில் நுழைந்து ரோபக்ஸையும் பொருள்களையும் திருடிவிடுவார்கள் என்று ஆங்கிலத்தில் அதன் தலையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அது நூற்றுக்கணக்கான எழுத்துகளுக்கு நடுவே கிடக்கிறது. சின்னாளப்பட்டிப் பையன் அதைப் படித்திருப்பான் என்று எதிர்பார்க்க முடியுமா? நிறுவனம் இப்போது சில தடுப்புகளைக் கூட்டியிருக்கிறது, திருடர்களும் புதுப்புது வழிகளில் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்தத் திருட்டுக்கு அவர்களுக்குள் 'பீமிங்' என்று ஒரு பெயரே உண்டு. பிள்ளையிடம் அந்த வார்த்தையைக் கேட்டுப் பாருங்கள். அதற்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இது ஏதோ சின்னாளப்பட்டியில் ஒரு பையனுக்கு நடந்த தனிக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2022 நவம்பரில் 'சர்ச்பிளாக்ஸ்' என்ற பெயரில் குரோம் பிரவுசரின் அதிகாரபூர்வக் கடையிலேயே இரண்டு நீட்சிகள் இருந்தன. எந்த சர்வரில் உங்கள் நண்பன் விளையாடுகிறான் என்று தேடித் தருவதாகச் சொல்லி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறியிருந்தன. உள்ளே திருட்டு வாசல் இருந்தது அதன் பிறகுதான் வெளியே வந்தது. கூகுள் கடையில் இருக்கிறது, அதனால் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

இன்னும் கொஞ்சம் தேறிய பிள்ளைகளுக்கு வேறு வலை. டிஸ்கார்ட் குழுவுக்கு 'பாட்' என்ற தானியங்கி நிரல் எழுதும் அளவுக்கு வளர்ந்தவர்கள் 'நோப்ளாக்ஸ்' என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்துவார்கள். அது நல்ல தொகுப்பு. அதன் பெயரோடு ஒரு சொல்லைக் கூடச் சேர்த்து, அசல் போலவே தோன்றும் போலிகளை என்பிஎம் என்ற பொதுக் கிடங்கில் போட்டார்கள். 2021-ல் கண்டுபிடித்து நீக்கினார்கள், 2023 ஆகஸ்டில் மறுபடி வந்தது, 2024-லும் வந்தது. இறக்கிய கணினியிலிருந்து டிஸ்கார்டின் பாஸையும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் அவை அள்ளிக்கொண்டு போயின. அந்தக் கணினியில் அம்மாவின் ஜிமெயிலும் அப்பாவின் வங்கிக் கணக்கும் திறந்திருந்தால் அவையும்தான் போகும். நான் அலறுவது இதற்காகத்தான். பிள்ளையின் விளையாட்டுக் கணக்கில் இருக்கும் தொப்பியும் வாளும் போனால் போகட்டும். அந்த வழியாக வந்தவன் வீட்டின் உள்ளறைக்கே போய்விடுகிறான்.

ஸ்டுடியோவுக்குள்ளேயே இருக்கும் பொறி வேறு மாதிரி. மரம், கார், வீடு என்று ஆயத்தப் பொருள்களை இலவசமாக எடுத்து நம் விளையாட்டில் வைத்துக்கொள்ளலாம். அந்த மரத்துக்குள் ஒரே ஒரு வரி ஸ்கிரிப்டை ஒளித்து வைத்திருப்பார்கள். 'ரிக்வயர்' என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு நீண்ட எண்ணும் இருக்கும். வெளியில் இருக்கும் இன்னொருவனின் நிரலை அழைத்து வரும் வரி அது. விளையாட்டில் ஆட்கள் கூடியதும் அவன் உள்ளே புகுந்து ஆபாசப் படங்களைத் தொங்கவிடுவான். தண்டனை விழுவது விளையாட்டைச் செய்த பிள்ளையின் கணக்கின் மேல். இலவசப் பொருளை எடுத்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அமுக்கி அந்தச் சொல்லைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். வேலைக்குத் தேவைப்படும் நல்ல ஸ்கிரிப்டுகளிலும் அந்தச் சொல் வரும். ஒரு மரத்துக்குள் அது எதற்கு இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

'நான் ஒரு கேம் செஞ்சிருக்கேன் ப்ரோ, கொஞ்சம் விளையாடிப் பாத்துச் சொல்லேன்' என்று வருவது இன்னொன்று. இறக்கி ஓட்டினால் விளையாட்டு வராது, பிழை என்று ஒரு பெட்டி வரும், பின்னால் திருட்டு முடிந்திருக்கும். பெரும்பாலும் இந்தச் செய்தி தெரிந்த நண்பனின் கணக்கிலிருந்தே வரும், ஏனென்றால் நண்பனின் கணக்கு முந்தைய நாளே களவு போயிருக்கும். குழுவில் சேர க்யூஆர் கோடை ஸ்கேன் செய் என்பது ஒரு ரகம். டிஸ்கார்டில் க்யூஆர் ஸ்கேன் செய்வது என்றால் அந்தத் திரைக்குச் சொந்தக்காரனை நம் கணக்குக்குள் விடுவது என்று அர்த்தம். விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் 'எக்ஸிக்யூட்டர்' ரகம் எல்லாவற்றிலும் மோசம். நிறுவும்போதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு என்னை உள்ளே விடு என்று சொல்கிறவனை எந்த வீட்டிலாவது நம்புவார்களா?

மைன்கிராஃப்ட் ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர் நிம்மதியாக இருக்க வேண்டாம். 2023 ஜூனில் 'ஃபிராக்சரைசர்' என்ற தீநிரல், மைன்கிராஃப்டின் கூடுதல் இணைப்புகளை இறக்கும் பெயர்பெற்ற கிடங்குகளுக்குள்ளேயே புகுந்து பரவியது.

பெரிய நிறுவனங்களின் கிடங்குகளும் ஓட்டை இல்லாதவை அல்ல. ரோப்ளாக்ஸ் நடத்திய டெவலப்பர் மாநாடுகளில் 2017 முதல் 2020 வரை கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, டி-ஷர்ட் அளவு வரை 2023 ஜூலையில் வெளியே வந்துவிட்டன. 2025 அக்டோபரில் டிஸ்கார்ட், தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக, சுமார் 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று அறிவித்தது. வயதை நிரூபிப்பதற்காக மக்கள் நம்பிக் கொடுத்த படங்கள் அவை. ஆகவே, "வயசு கேக்குறாங்கப்பா, ஆதார் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?" என்று பிள்ளை கேட்டால் சட்டென்று சரி என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பது ஆப்பா, ஆப்பின் பெயரில் வந்த ஆளா என்று முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள். ஆளாக இருந்தால் கேள்வியே இல்லை, பிளாக் செய்யுங்கள்.

பணமும் கணக்கும் போவதைச் சொன்னேன். அதைவிடப் பெரிய பயம் எனக்கு அந்தப் போட்டோ விஷயத்தில்தான். அமெரிக்காவின் எஃப்பிஐ 2023 செப்டம்பரிலேயே ஓர் எச்சரிக்கை விட்டது. சிறுவர்களோடு இணையத்தில் பழகி, படங்களை வாங்கி, அதை வைத்து மிரட்டி, தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்ளச் செய்யும் கும்பல்கள் இருக்கின்றன, 8 முதல் 17 வயது வரை உள்ளவர்களைக் குறிவைக்கிறார்கள் என்றது. 2025-ல் லூசியானா, கென்டக்கி, டெக்சாஸ் மாநிலங்களின் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள், குழந்தைகளைப் பாதுகாக்கத் தவறிவிட்டதாக ரோப்ளாக்ஸ் மீது அடுத்தடுத்து வழக்குத் தொடுத்தார்கள். துருக்கி 2024 ஆகஸ்டில் அதைத் தடை செய்தது, ஈராக்கும் ரஷ்யாவும் 2025-ல் தடை செய்தன. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து, முகத்தைப் பார்த்து வயதைக் கணித்த பிறகே அரட்டைக்கு அனுமதி என்ற முறையை உலகம் முழுவதும் கொண்டுவந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கெட்டவன் எப்போதுமே விளையாட்டுக்குள் நின்று பேசுவதில்லை. "இங்கே சரியா டைப் பண்ண முடியல, டிஸ்கார்டுக்கு வா" என்பான். அங்கிருந்து டெலிகிராம். அதோடு அந்தக் காவலெல்லாம் முடிந்துபோகும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வா என்று கூப்பிடுவதையே அபாயச் சங்காக எடுத்துக்கொள்ளும்படி பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

தமிழில் பேசுகிறவன் நல்லவன் என்ற நினைப்பும் வேண்டாம். பப்ஜி 2020 செப்டம்பர் 2-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதன் பிறகும் அதை யூடியூபில் நேரலையாக ஆடிக் காட்டி, லட்சக்கணக்கில் நம் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருந்த மதன் என்பவர், ஆபாசப் பேச்சு, பண மோசடி ஆகிய புகார்களின் பேரில் 2021 ஜூன் 18 அன்று தர்மபுரியில் கைது செய்யப்பட்டார். விவகாரம் செய்தியில் வந்த பிறகுதான் பல வீடுகளில், அந்த ஹெட்செட்டுக்குள் பிள்ளை இத்தனை நாள் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்று பெற்றோருக்குத் தெரிந்தது. தடை என்ற சொல் கதவைச் சாத்திவிடாது என்பதையும் அந்த விவகாரம் காட்டியது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும், அதன்கீழ் 2025-ல் வந்த, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதியும் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கானவை. ரோப்ளாக்ஸில் இரவு இரண்டு மணிக்கு உங்கள் பிள்ளை பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, அந்தப் பகுதிக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை நாம்தான் காவல்.

நம் ஊர் நிலைமை எனக்குத் தெரியும். வேடசந்தூர் பக்கம் மில்லில் நைட் ஷிப்ட். நிலக்கோட்டையில் பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டும். ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடையில் லோடு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் பாட்டி தூங்குகிறார், பிள்ளை விழித்திருக்கிறது. எஃப்12 என்றால் என்ன என்று கேட்டால் நமக்கே தெரியாது. பரவாயில்லை, தெரிய வேண்டியது அது அல்ல. "என்ன நடந்தாலும் அம்மாகிட்ட சொல்லு, அடிக்க மாட்டேன், லேப்டாப்பையும் புடுங்க மாட்டேன்" என்ற வாக்கு போதும். மிரட்டுகிறவன் முழுக்க நம்பியிருப்பதே பிள்ளைக்கு வீட்டின் மேல் இருக்கும் பயத்தைத்தான். அந்தப் பயத்தை நீங்கள் எடுத்துவிட்டால் அவன் கையில் ஒன்றுமே இல்லை.

எங்கள் வீட்டில் அன்றிரவு செய்ததைச் சொல்கிறேன். முதலில் வேறொரு போனிலிருந்து மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினோம், ஏனென்றால் மெயில்தான் எல்லாவற்றுக்கும் தாய்வாசல். பிறகு ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற பட்டனை அமுக்கினோம். திருடன் கையில் இருக்கும் பழைய பாஸைச் செல்லாததாக்க அதுதான் வழி. ஏதாவது மென்பொருளை இறக்கி ஓட்டினாயா என்று பையனிடம் கேட்டோம், இல்லை என்றான். ஓட்டியிருந்தால் அந்த லேப்டாப்பில் திறந்த எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் வேறு கருவியிலிருந்து மாற்றி, விண்டோஸையே புதிதாகப் போட்டிருக்க வேண்டும். பயத்தில் பையன் அந்த அரட்டையை அழிக்கப் போனான், தடுத்தேன். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். டிஸ்கார்டில் பெயரை நொடியில் மாற்றிவிடலாம், ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத நீண்ட எண் ஒன்று உண்டு. அதையும் குறித்துக்கொண்டோம். மூன்று நண்பர்களின் வீடுகளுக்கும் போன் செய்தோம். ஒரு வீட்டில், "சின்னப் பசங்க விளையாட்டுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு போனா?" என்று கடிந்துகொண்டார்கள். போட்டோ கேட்டதைச் சொன்னதும் அமைதியானார்கள்.

பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த முடியும். மற்றப் புகார்களை தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பிள்ளையிடம் படம் கேட்டு மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098. அடுத்தவர் கணக்கைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். குழந்தையின் ஆபாசப் படத்தைக் கேட்பதும் வைத்திருப்பதும் 67பி பிரிவிலும் போக்சோ சட்டத்திலும் வரும். "விளையாட்டு அக்கவுண்டுக்கெல்லாம் புகாரா" என்று யாராவது கேட்டால் இந்தப் பிரிவுகளைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கணக்குத் தொடங்கும்போது பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை 2000-ல் பிறந்ததாக இருக்கும். சிறுவர்களுக்கென்று வைத்த தடுப்புகள் அத்தனையும் அதோடு விலகிவிடும். உண்மையான வயதைக் கொடுத்து, பெற்றோரின் கணக்கோடு இணைத்துவிடுங்கள். யார் நண்பர், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று உங்கள் போனிலேயே பார்க்கலாம். டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அங்கே இடமே இல்லை, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோட்டையின் பழைய நகல் ஒன்று லேப்டாப்பில் தனியாக இருந்தது. பாதிப் படிகள்தான் அதில் உண்டு. இப்போது கூடத்தில், அக்கா கண் முன்னால் உட்கார்ந்து மீதிப் படிகளை வைத்துக்கொண்டிருக்கிறான். வாரம் ஒருமுறை நகல் எடுத்து பென் டிரைவில் போடுகிறான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி எதையாவது கட்டிக்கொண்டிருக்கலாம். இன்று இரவே பக்கத்தில் போய் உட்காருங்கள். என்ன செய்கிறாய் என்று காட்டச் சொல்லி, முழுவதையும் பொறுமையாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும், "இதெல்லாம் உனக்குச் சொல்லிக் குடுக்குறது யாரு?" என்று மட்டும் கேளுங்கள்.